ஒரு விரல் இடம்

மண்டியில் நாங்கள்
தோலைப் பார்த்து மஞ்சள் எடுப்பதில்லை.
விரலியை ஒடித்து, உள்நிறம் பார்த்து,
ஒடிந்த சத்தத்தையும் காதில் வாங்கி
அப்புறம்தான் சீட்டில் விலை எழுதுவோம்.
பதினாறு வருடமாய் இதே விரல்கள்.

சைக்கிளை ஒடித்துப் பார்க்க முடியாது.
ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

பெருந்துறை ரோட்டுக் கடையில்
மூன்றை இறக்கி வைத்தார் குமரவடிவேல்.
"பையனுக்குங்களா?"
"இல்லீங்க, கடைமடைக்கு."

பவானிசாகரில் மதகு திறக்கும் இடத்தில் கிளம்பி
தண்ணீர் களைத்து நிற்கும் கடைசி வயல்வரை
வாய்க்கால் கரையோடு கரையாகப் போகவேண்டும்.
நாலு பகல், மூன்று ராத்திரி.
கொஞ்சம் தார், கொஞ்சம் ஜல்லி, நிறையப் புழுதி,
இரண்டு பக்கமும் கிளுவை நெருக்கும் இட்டேரி.
அவர் நீட்டிய வண்ணப் புத்தகத்தில்
ரோட்டுக்கு எட்டுப் பக்கம், மலைக்குப் பதினொன்று.
இட்டேரிக்கு ஒரு வரிகூட இல்லை.

முதலாவதற்கு டயர் இருபத்தைந்து மில்லிமீட்டர்.
தாரில் விட்டதும் காற்று கூர் தீட்டிக்கொண்டது.
வாய்க்கால் மேட்டில் கரைக்கு இறங்கினேன்;
முதல் ஜல்லியிலேயே
என் பற்கள் ஒன்றையொன்று நலம் விசாரித்தன.

இரண்டாவதற்கு முன்கவையில் ஸ்பிரிங்.
குழியை மெத்தென்று வாங்கிக்கொண்டது, சந்தோஷம்.
மேடேறும்போது என்னையும் வாங்கிக்கொண்டது.
மிதித்ததில் பாதி சக்கரம் போய்ச் சேரவில்லை.
தரகு எனக்குப் புதிதில்லைதான்.
அதற்காக என் தொடையிலிருந்தா?

மூன்றாவது சுவரோரம் தூசியோடு.
மஞ்சள் வேகவைத்துக் கொட்டிய களத்தை
மழை பாதி கழுவிய மாதிரி ஒரு நிறம்.
"ஸ்டீலுங்க அது. வெயிட்டு. ஆரும் கேக்கறதில்ல."
சுண்டினேன்.
கிண்ணென்றது; விரலை எடுத்த பிறகும்
கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.
"ஒடஞ்சா?"
"எந்த கிரில் பட்டறையிலயும் பத்த வெச்சுக்கலாமுங்க."
காங்கயம்வரை நாலு பட்டறை எனக்குத் தெரியும்.

ஹேண்டில், கடாக்கொம்பு போல வளைந்து இறங்கியது.
கணவாய் வழி வரும் ஆடிக்காற்று
இந்தப் பக்கம் எல்லோரையும் குனிய வைக்கும்;
குனிவதற்கென்றே ஒரு பிடி இருப்பது மரியாதை.

கையோடு கொண்டுபோன சாம்பிள் பை இரண்டை
கேரியரின் இரு பக்கமும் கட்டினேன்,
பக்கத்துக்கு ஆறு கிலோ விரலி.
குமரவடிவேல் சிரித்தார். சிரிக்கட்டும்.
காலி சைக்கிளை ஓட்டிப் பார்ப்பது
காலிச் சாக்குக்கு விலை பேசுவது.

ஏற்றத்தில் மெதுவாக, ஆனால் முணுமுணுக்காமல் ஏறியது.
கரை கசிந்து சேறான இடத்தில்
பிரேக்கைத் தொடவில்லை, கண்ணைமட்டும் மூடிக்கொண்டேன்.
சேறு டயரோடு மேலே போனது,
கவைக்கு அடியில் நுழைந்தது,
மறுபக்கம் விழுந்தது.
சக்கரம் நிற்கவில்லை.

இறங்கிச் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன்.
டயருக்கும் கவைக்கும் நடுவே
போய்விட்டுத் திரும்பி வந்தது, சேறு பூசிக்கொண்டு.
முதலாவதில் மடித்த சீட்டுகூட நுழையவில்லை.

விலையை நான் வாயால் சொல்கிற பழக்கமில்லை.
எழுதி மடித்துக் கொடுத்தேன்.
பிரித்தார், தலையைச் சொறிந்தார்,
கீழே ஒன்று எழுதி மடித்துத் தந்தார்.
மூன்றாவது மடிப்பில் படிந்தது.

நாற்பத்தொன்றாயிரம் எதற்கு என்று
சாயங்காலம் வீட்டில் கேட்பார்கள்.
சுண்டுவிரலைக் காட்டுவேன்.
இவ்வளவு இடத்துக்கு.
வருவது ஒட்டிக்கொள்ளாமல் கடந்துபோக.

மற்றபடி சீட் உயரம் ஒரு அங்குலம் கூடுதல்.
பெல் சத்தம் போதாது,
கரையில் மாடு திரும்பிப் பார்க்கவில்லை.
நாளைக்கு மாற்றவேண்டும்.